தேவைக்கு இறக்கியது

ஜவுபர் கையை ஓங்கிய பிறகுதான் வாயைத் திறப்பான். கல்முனைக்குடியில் அவனைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பதினேழு வயதில், மாட்டு வண்டிக்கு வழிவிடாத ஒருவனைத் துவரந்தடியால் அடித்துத் தோள்மூட்டைக் கழற்றினான். ஒரு கலியாண வீட்டில், கூட உட்கார்ந்து ஒரே சகன் தட்டில் சாப்பிட்டவன் இறைச்சித் துண்டைத் தன் பக்கம் தள்ளினான் என்று சகனையே தூக்கி அவன் தலையில் கவிழ்த்தான். நல்ல சோறு வீணாய்ப் போனதே என்று மாப்பிள்ளையின் வாப்பா அழுதாராம். ஏன் அடித்தாய் என்று கேட்டால் ஜவுபரிடம் பதில் இருக்காது. அடித்தாயிற்று, இன்னும் என்ன கேள்வி என்று பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்படிப்பட்டவனைத் தேடிப்பிடித்துத்தான் வட்டவிதானை ஆக்கினார்கள். வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கிற பொறுப்பு வட்டவிதானைக்கு. விதைப்புக் கூட்டத்தில் கமக்காரர்கள் கைதூக்கித் தெரிவு செய்வார்கள். நல்லவனைப் போட்டால் பக்கத்து வயல்வட்டைக்காரன் தண்ணீரைக் கொண்டுபோய்விடுவான், ஆகவே ஒரு முரடன்தான் வேண்டும் என்று ஊர் கணக்குப் போட்டது. எழுபத்தெட்டாம் ஆண்டு முப்பது வயதில் ஜவுபர் வடக்கு வயல்களான வடகண்டத்தின் வட்டவிதானை ஆனான். அவனுக்கு எதிரே, பாண்டிருப்புத் தமிழ்க் கமக்காரர்களின் தென்கண்டத்துக்கு வட்டவிதானையாக இருந்தவர் பூபாலசிங்கம். ஜவுபரைவிட ஆறேழு வயது மூத்தவர், ஒல்லியான மனிதர், வெற்றிலை போடாமல் ஒரு வசனம் பேசமாட்டார்.

மாவடிப்பள்ளிக்கு மேற்கே பெரிய வாய்க்கால் வந்து இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. வடக்குக்கு ஒரு வாய், தெற்குக்கு ஒரு வாய். ஒவ்வொரு வாயிலும் ஐந்து பலகைகள். பலகையை இறக்கினால் அந்தப் பக்கம் தண்ணீர் குறையும், மறுபக்கம் ஏறும். மதகுக்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை. இரண்டு ஊருக்கும் பொதுச்சொத்து. எழுபத்தொன்பதாம் ஆண்டு, தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் ஒரே ஒரு பலகைக்காக அங்கே மண்வெட்டிச் சண்டை நடந்தது. தென்கண்டத்து ஆள் ஒருவனுக்கு மூன்று விரல்கள் போயின. அவை வாய்க்காலில் விழுந்து எங்கேயோ போய்விட்டன, தேடியும் கிடைக்கவில்லை. வடகண்டத்து ஆள் ஒருவனுக்குத் தலையில் பதினான்கு தையல். அந்தச் சண்டையில் ஜவுபர் எத்தனை பேரை அடித்தான் என்பது அவனுக்கே தெரியாது.

அதற்குப் பிறகுதான் புத்தகம் வந்தது. கூட்டம் கூடி, மதகருகே சிறு கொட்டிலாக ஒரு வாடி கட்டி, தகரப்பெட்டிக்குள் தடித்த மட்டைக் கொப்பி ஒன்றை வைத்தார்கள். யார் பலகையைத் தொட்டாலும் எழுத வேண்டும். எத்தனை பலகை, ஏற்றியதா இறக்கியதா, ஏன், எதுவரைக்கும், யார். மற்றவன் பலகையைத் தொடும் முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒழுங்காய்ச் செய்திருந்தால் அது போதும்.

பூபாலசிங்கம் ஒழுங்காய்த்தான் செய்தார். அவர் எழுதியது இப்படி இருக்கும்: ‘வடக்கு வாயில் இரண்டு பலகை இறக்கியது. வேலப்போடியின் வயலுக்கு மேலே வடக்கு வாய்க்காலின் வரம்பு உடைந்து ஆட்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று மணிக்கு நானே வந்து தூக்குவேன். அதற்கு முன் தூக்கினால் அடைத்த மண் எல்லாம் போய்விடும். பூபாலசிங்கம்.’ படிக்கிறவனுக்கு வேறு கேள்வியே வராது. கோபமும் வராது. ஜவுபர் இதைப் படித்துவிட்டு வாடியில் இருந்தவர்களிடம், “பூபாலண்ணன் பலகைக்கும் கலியாணக் காகிதம் அடிக்கிறாரு” என்று சொல்லிச் சிரித்தான். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இதைச் சொல்கிற எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

ஜவுபர் என்ன எழுதினான்? ஒரு நாள் தன் பக்கம் தண்ணீர் காணாது என்று தெற்கு வாயில் இரண்டு பலகையை இறக்கிவிட்டு, பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். களவெடுத்தது என்று எழுத முடியுமா? ‘2 பலகை தேவைக்கு இறக்கியது. ஜவு.’ என்று எழுதிவிட்டுப் பெட்டியைச் சாத்தினான். அடுத்த நாள் பூபாலசிங்கம் வந்து, தன்னைவிட இளையவனானாலும் தமிழ் ஆட்கள் முஸ்லிம்களைக் கூப்பிடுகிற முறையில் காக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“என்ன தேவை காக்கா?”

“தேவை எண்டா தேவதான். அதுக்கு மேல உங்களுக்கு என்னத்துக்கு?”

அந்தச் சொல் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. வரம்பு அடைக்கவும் தேவைக்கு, பாம்பு கிடந்தாலும் தேவைக்கு, பட்டப்பகலில் அடுத்தவன் தண்ணீரை இழுத்தாலும் தேவைக்கு. அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஒரு வருடத்துக்குள் கொப்பி முழுக்கத் தேவைக்கு, தேவைக்கு என்று நிறைந்தது. கடைசியில் பூபாலசிங்கமும் கை சலித்து அதையே எழுதத் தொடங்கினார். எழுதுகிறவனுக்கு மட்டும் தெரிந்த காரணத்தைப் படிக்கிறவன் தானே ஊகித்துக்கொண்டான். ஒருவரும் நல்லதாக ஊகிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் தேவைக்கு என்று இருந்தது, கையெழுத்துகளுக்குப் பின்னால் வாய்ச்சண்டை, கல்லெறி, ஒரு தரம் வைக்கோற்போர் எரிப்பு.

எண்பத்துநான்காம் ஆண்டு சிறுபோகத்தில் வெயில் கொளுத்தியது. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரளுகிற அந்த நாட்களில் தண்ணீர் வராமல் நின்றால் எல்லாம் மணி பிடிக்காத சப்பிதான். தெற்கு வாய்க்கால் ஓரிடத்தில் ரோட்டுக்குக் கீழே குழாய் வழியாகப் போகிறது. மதகிலிருந்து கால் மைல், வளைவுக்கு அப்பால். அந்தக் குழாய்க்குள் ஆற்றுவாழைக் கொடியும் ஒரு மருதங்கட்டையும் போய் அடைத்துக்கொண்டன. அதனால் தென்கண்டத்துக் கடைசி வயல்கள் காய்ந்தன. தண்ணீர் பின்னுக்கு ஏறி வடகண்டத்துப் பள்ளக்காணிகளை மூடியது. மூழ்கிய காணிகளில் ஒன்று ஜவுபரின் தங்கை றபீக்காவின் புருஷன் கச்சிமுகம்மதுவுடையது. தன் பக்கம் காய்வதற்கு ஜவுபரின் களவுதான் காரணம் என்று பூபாலசிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார். குழாயை அவர் போய்ப் பார்க்கவில்லை. ஜவுபர் பார்த்தான், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. நாமே போய் எடுத்துவிடுவோம், அரை மணித்தியால வேலை என்று கச்சிமுகம்மதுவைக் கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனான்.

குழாய்க்குள் வேலை செய்ய வேண்டுமானால் தெற்கு வாயை முழுக்க அடைக்க வேண்டும். ஜவுபர் ஐந்து பலகையையும் இறக்கினான். பெட்டியைத் திறந்து எழுதினான்: ‘5 பலகை தேவைக்கு இறக்கியது. ஜவு.’

குழாய்க்குள் ஆள் இருக்கிறான் என்று எழுத எத்தனை சொல் வேண்டும்? மூன்று போதும்.

ஜவுபரின் தோள் குழாய்க்குள் நுழையாது. கச்சிமுகம்மது மெலிந்த ஆள். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தியைப் பல்லில் கடித்தபடி கீழ்ப்பக்கத்து வாயால் வயிற்றில் ஊர்ந்து உள்ளே போனான். வெட்டிய கொடிகளைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். ஜவுபர் வாயில் நின்று இழுத்து வெளியே போட்டான். கால் மணித்தியாலத்தில் அரைவாசி அடைப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்து கச்சிமுகம்மது, கட்டை ஆடுகிறது, இன்னும் கொஞ்சந்தான் என்று சொன்னான்.

அந்த நேரத்தில்தான் பூபாலசிங்கம் மதகுக்கு வந்தார். தெற்கு வாயில் ஐந்து பலகையும் இறங்கிக் கிடந்தன. தெற்கு வாய்க்காலில் சேறு தெரிந்தது. அவர் சட்டப்படி பெட்டியைத் திறந்து புத்தகத்தைப் பார்த்தார். முன் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் நூறு தரம் படித்திருக்கிறார், நூறு தரமும் அவர் வயல்தான் காய்ந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஐந்து பலகையையும் இழுத்துக் கரையில் எறிந்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தேங்கி நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. முதலில் கட்டை நகர்ந்து கச்சிமுகம்மதுவின் தோளை நசுக்கியது. அவன் கத்தினான். ஜவுபர் குழாய்க்குள் தலையை விட்டு இரண்டு காலையும் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மறுபடி இழுத்தான். உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவன் கைக்குத் தெரிந்தது. தண்ணீர் கட்டையைச் சுற்றிப் பீறிக்கொண்டு ஜவுபரின் முகத்தில் அடித்தது. கச்சிமுகம்மது கத்துவதை நிறுத்தி இருமத் தொடங்கினான். தண்ணீரை நிற்பாட்டினால் ஒழிய வேறு வழி இல்லை என்று ஜவுபருக்கு விளங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகை நோக்கி ஓடினான்.

வளைவைத் தாண்டியதும் மதகில் பூபாலசிங்கம் நிற்பது தெரிந்தது. இருநூறு யார் தூரம் இருக்கும். அங்கே நின்று கூப்பிட்டிருக்கலாம். உள்ளே ஆள் இருக்கிறான், பலகையைப் போடுங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் போட்டிருப்பார். ஜவுபர் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். கிட்ட வந்ததும் மண்வெட்டியை இரண்டு கையாலும் ஓங்கினான். பூபாலசிங்கம் முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினார். வெட்டு முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பை வெட்டிச் சதையில் போய் நின்றது. ஜவுபர் மண்வெட்டியைப் பிடுங்கி இன்னொரு தரம் வெட்டினான். அது தோளில் விழுந்தது. மதகின் சீமெந்தில் இரத்தம் தெறித்தது. பூபாலசிங்கம் முழங்காலில் விழுந்து அண்ணாந்து பார்த்தார்.

“என்ன காக்கா? என்னத்துக்கு?”

மூன்றாம் தரம் ஓங்கிய கை அப்போதுதான் நின்றது.

“மச்சான் குழாய்க்குள்ள கிடக்கான்” என்றான் ஜவுபர்.

பூபாலசிங்கம் எழும்பினார். இடது கை தோலில் தொங்கியது, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலது கையால் பலகை ஒன்றை இழுத்துவந்து மதகு வாயின் தவாளிப்பில் வைத்தார். தண்ணீர் தூக்கியது. அதன் மேல் ஏறி நின்று மிதித்து இறக்கினார். ஜவுபர் மற்றதை எடுத்தான். வெட்டியவனும் வெட்டு வாங்கியவனும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு ஐந்து பலகையையும் இறக்கினார்கள். கடைசிப் பலகை இறங்கியதும் பூபாலசிங்கம் மயங்கி மதகிலேயே சாய்ந்தார். வாய்க்காலில் அவருடைய இரத்தம் சுழன்றது. ஜவுபர் திரும்பிப் பார்க்காமல் குழாய்க்கு ஓடினான்.

கச்சிமுகம்மது மௌத்தாகிக் கிடந்தான். வாயெல்லாம் ஆற்றுவாழை வேர். அவனை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

பூபாலசிங்கத்தை யாரோ டிரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கையை எடுத்துவிட்டார்கள், அவருக்கு நினைவு தெளியவில்லை. பொலிசார் வந்து கேட்டபோது ஜவுபர், “ஆள் உள்ளுக்குக் கிடக்கத் தண்ணியத் திறந்தான், நான் வெட்டினன்” என்றான். அவர்கள் அதை எழுதிக்கொண்டு, மற்ற ஆளும் பேசட்டும், ஊரை விட்டுப் போகாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பூபாலசிங்கத்துக்குத் தெரியாது என்பதை மட்டும் விட்டுவிட்டான். கொப்பியில் செய்த அதே வேலை. காரணத்தை விட்டுவிட்டால் ஊர் சும்மா இருக்குமா, தானே ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டது. கச்சிமுகம்மதுவின் ஜனாஸா அடங்குவதற்குள், தமிழ் வட்டவிதானை வேண்டுமென்றே முஸ்லிமைக் குழாய்க்குள் மூழ்கடித்தான் என்று கல்முனை முழுக்கப் பேச்சு. முந்திய வருடம்தான் இனக்கலவரத்தில் நாடு எரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறியிருந்த காலம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஜவுபரின் கையைப் பிடித்து, வெட்டினது சரி என்றார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் மச்சானைக் கொன்றவன் தான்தான் என்று ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கச்சிமுகம்மதுவின் தம்பி அப்துல் ஹமீட் தன் லொறிக்குப் பக்கத்தில் ஆட்களைச் சேர்த்தான். அறுபது எழுபது பேர். பொல்லு, கோடாலி, மண்வெட்டி. லொறிக்கு வைத்திருந்த டீசலைத் தகரக் கானோடு இறக்கினார்கள். ஜவுபரை வீட்டிலிருந்து அழைத்துவந்து முன்னுக்கு நிறுத்தினார்கள். பூபாலசிங்கம் ஆஸ்பத்திரியில் இருக்கலாம், வீடு இருக்கிறதே. வீட்டில் அவர் பெண்சாதி அன்னப்பிள்ளை இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், பக்கத்து வீடுகளில் இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத சனங்கள் இருந்தார்கள்.

கூட்டம் நடந்தது. ஜவுபரும் கையில் கோடாலியோடு நடந்தான். நூறு அடி போயிருப்பார்கள்.

“காக்கா, அவன்ட வீடு எங்களுக்குத் தெரியா. நீங்கதான் காட்டணும்” என்றான் ஹமீட்.

ஜவுபர் நின்றான். தொங்குகிற கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பலகையை மிதித்த அந்த ஆள் அவன் கண்ணுக்குள் நின்றார். மூன்று நாளாக அப்படித்தான் நிற்கிறார். வீட்டைக் காட்டிவிட்டால் பிறகு ஒருவரும் எதையும் கேட்கமாட்டார்கள். அவன் கோடாலியை ரோட்டில் போட்டான்.

“அவருக்குத் தெரியா” என்றான்.

“என்ன தெரியா?”

“மச்சான் உள்ளுக்குக் கிடந்தது பூபாலசிங்கத்துக்குத் தெரியா. நான் அஞ்சு பலகையும் இறக்கிட்டு, தேவைக்கு எண்டு எழுதி வெச்சன். ஆள் கிடக்கு எண்டு எழுதல்ல. அவர் வந்து படிச்சுப் பாத்துட்டு, நான் தண்ணி களவெடுக்கன் எண்டு நினைச்சித் திறந்தாரு. நான் எத்தினையோ தரம் களவெடுத்திரிக்கன். ஓடிப்போய் அவருக்கிட்டச் சொல்லாம வெட்டினன். ரெண்டு வெட்டு. வெட்டினதுக்குப் பிறகுதான் சொன்னன். சொன்ன உடன அவர் எழும்பி, வெட்டுப்பட்ட கையோட அஞ்சு பலகையும் என்னோட சேந்து இறக்கினாரு. முதல்ல சொல்லியிருந்தா மச்சான் உசிரோட இரிப்பான். அந்த வீட்ட நான் காட்டமாட்டன்.”

ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை அவன் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பின்னுக்கு நின்றவர்களுக்கு முன்னுக்கு நின்றவர்கள் சொன்னார்கள்.

ஹமீட்தான் முதலில் அடித்தான். பொல்லு வாயில் விழுந்து இரண்டு பற்கள் ரோட்டில் தெறித்தன. ஜவுபர் கையைத் தூக்கவில்லை. கீழே விழுந்தவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது, வலது முழங்கால் உடைந்தது. சகனால் அடிவாங்கியவனும் கூட்டத்தில் இருந்தான், அவனும் பழைய பாக்கிக்கு இரண்டு உதை கொடுத்தான். பாண்டிருப்புக்கு என்று மூன்று நாளாய்ச் சேர்த்து வைத்த வெறி முழுவதையும் அந்த ஓர் உடம்பின் மேல் கொட்டி முடித்தார்கள். அடித்து ஓய்ந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். போவோமா என்று யாரோ ஒருவன் கேட்டான். டீசலை ஹமீட் திரும்ப லொறிக்கே ஊற்றினான். பாண்டிருப்பில் அன்றைக்கு ஒரு வேலிக்கம்பும் எரியவில்லை.

பிறகு வழக்கு வந்தது. பூபாலசிங்கம் ஒற்றைக் கையால் சத்தியம் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னார், ஜவுபரும் அப்படியே சொன்னான். இரண்டு வருடம் சிறையில் இருந்து நொண்டிக்கொண்டு வந்தவனை ஊர் மறுபடி வட்டவிதானையாகப் போடவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் பலகையைத் தொடுகிற நாட்களில் மட்டும் கொப்பியில் அரைப் பக்கம் நிரம்பும் என்றும், வாசிக்கிறவர்கள் சலித்துக்கொள்வார்கள் என்றும் கேள்வி.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்நேரம் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஆகக் கிட்ட இருந்த வீட்டில் கிடத்தினார்கள். அது றபீக்காவின் வீடு. புருஷன் மௌத்துக்கான இத்தாவில் வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்தவள், மற்ற ஆண்கள் போன பிறகு வெளியே வந்து, ஒரு கோப்பையில் தண்ணீரும் துணியும் கொண்டு தமையனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் அவன் சொன்னதெல்லாம் அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது. அவள் அழவில்லை. முகத்து இரத்தத்தைத் துடைத்தாள். கண்ணிமையைத் துடைத்தாள். வாயைத் துடைக்கும்போது கேட்டாள்.

“காக்கா, அவரு குழாய்க்குள்ள போகக்குள்ள உங்களுக்கிட்ட ஏதும் கேட்டாரா?”

ஜவுபர் வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பினான்.

“ஓம்.”

“என்ன கேட்டாரு?”

“புத்தகத்தில எழுதிட்டயா மச்சான் எண்டு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எழுதிட்டன், பயப்படாமப் போ எண்டு சொன்னன்.”

றபீக்கா துணியைக் கோப்பைக்குள் போட்டாள். முகத்தில் இன்னும் பாதி இரத்தம் துடைபடாமல் இருந்தது. அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.